ஆறாம் நம்பர் பட்டை

என் மருமகள் பொடி செய்கிறவள். முகத்தில் பூசுகிற பொடியும் இல்லை, சாப்பாட்டில் தூவுகிற பொடியும் இல்லை. அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்க்குள் மருந்துகளை அடைத்து, மூன்று நாள் சூட்டில் வைத்து, வடிகட்டி, கழுவி, காயவைத்து, கடைசியில் ஒரு சின்னக் கரண்டி அளவு எடுப்பாள். பார்த்தால் மஞ்சள் சாக்பீஸைத் தேய்த்த தூள் மாதிரி இருக்கும்.

“மூணு நாள் சூடு காட்டி இவ்வளவுதானா?” என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

“அத்தை, இந்த ஒரு கரண்டியைப் பிரிச்சு விரிச்சா நம்ம தெரு முழுக்க வரும்.”

“அந்த மூலைவீட்டுக்காரியையும் சேர்த்தா?”

“அவங்க மொட்டைமாடியையும் சேர்த்து.”

“அப்ப அவளை உள்ள விட்டுக் கதவைச் சாத்திடு” என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

எனக்கு மருமகள் பொறுமையாக விளக்கினாள். உப்பும் படிகம், சர்க்கரையும் படிகம். அதற்குள் அணுக்கள் வரிசை தப்பாமல் அடுக்கியிருக்கும், இடைவெளி விடாமல். இவள் செய்கிற படிகத்திலும் வரிசை தப்பாது, ஆனால் உள்ளே அறை அறையாக ஓட்டை. ஒரே அளவு அறை, ஒரே அளவு வாசல், எண்ணி முடியாத அத்தனை. உலோகம் எதுவும் கிடையாது. “நம்ம உடம்புல இருக்கிற சாமான்தான் மாமா, கரியும் நைட்ரஜனும்” என்றாள். அந்த அறைகளில் முதலில் அமில ஆவியைக் குடிவைப்பாள். மஞ்சள் பொடி செக்கச்செவேல் என்று ஆகிவிடும். பிறகு காற்றில் அமோனியா கொஞ்சம் வந்தாலும் போதும். வாசல் வாசலாகப் புகுந்து அமிலத்தை இழுத்துக் கட்டிக்கொள்ளும். அமிலம் பிடியை விட்டதும் பொடி பழைய மஞ்சளுக்கே வந்துவிடும்.

அவள் அமோனியாவைப் பிடித்துக்கொண்டதற்கு நான்தான் காரணம். நான் ஐஸ் கம்பெனியில் மெஷின் ரூம் ஆள். இருபத்தெட்டு வருஷம். கம்ப்ரெஸருக்கு எண்ணெய் விடுவது, குழாயில் சேர்ந்த பழைய எண்ணெயை வடிப்பது, வால்வு திறப்பது, மூடுவது. எங்கள் குழாய்களில் ஓடுவது அமோனியா. கசிந்தால் கண்ணைப் பிடுங்கும், நிறையக் கசிந்தால் ஆளையே பிடுங்கிக்கொண்டு போய்விடும். எங்கே கசிகிறது என்று பார்க்க ஒரு கந்தகக் குச்சியைக் கொளுத்திக் குழாய் நெடுகக் காட்டுவோம். கசிவு இருக்கிற இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். கல்யாணமாகி வந்த புதிதில் இதைக் கேட்டு அவள் சிரித்தாள். “இன்னுமா குச்சி கொளுத்துறீங்க?” என்றாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, தட்டில் கையை வைத்தபடி ரொம்ப நேரம் யோசித்தாள். என் மகன் லாரி ஓட்டப் போய் வாரத்துக்கு ஒரு நாள் வருகிறவன். வந்த அன்றும் இவள் அமோனியாவைப் பற்றித்தான் பேசினாள். அவன் என்னைப் பார்த்து, “என் பொண்டாட்டியைக் கெடுத்து வச்சிருக்கீங்கப்பா” என்றான்.

இரண்டு வருஷம் கழித்து அவள் விரல் நீளக் காகிதப் பட்டைகளோடு வந்தாள். பொடியைக் காகிதத்தில் ஏற்றியிருந்தாள். எங்கள் இன்ஜினியரைப் பார்த்துப் பேசி, பதினைந்து நாள் கம்பெனியில் தொங்கவிட்டுப் பார்க்க அனுமதி வாங்கினாள். பதினைந்தாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள். பிடித்தால் எல்லாக் கிளைக்கும் பட்டை போகும். பிடிக்காவிட்டால் அவளுடைய ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த வேலையை மூடிவிட்டு வேறு வேலையில் போட்டுவிடுவார்கள். இதை அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

இன்ஜினியர் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏம்மா, சிவப்புன்னா ஆபத்து, உலகத்துக்கே தெரியும். நீ சிவப்பா இருந்தா நல்லது, மஞ்சளானா ஓடுன்னு சொல்றே. என் ஆளுங்க குழம்பிடுவாங்களே.”

“பொடி என் பேச்சைக் கேக்காது சார். அதுக்குத் தோணின நிறம்தான்.”

ஆறு இடத்தில் பட்டை கட்டினோம். ஒன்று கம்ப்ரெஸர் பக்கம், இரண்டு பம்ப், மூன்று எண்ணெய் வடிக்கிற வால்வு, நான்கு குழாய்ப் பாதை, ஐந்து ஐஸ் கட்டி எடுக்கிற கூடம், ஆறு நாங்கள் உடை மாற்றுகிற அறை. ஆறாவது இடத்தில் அமோனியா குழாயே கிடையாது. குழாய் இல்லாத இடத்தில் பட்டை சும்மா இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது.

எனக்கு ஒரு நோட்டு கொடுத்தாள். மணிக்கு ஒரு தடவை சுற்றிவந்து எழுத வேண்டும். ஒரு கட்டம் நேரம், ஒரு கட்டம் நிறம். மூன்றாவது கட்டத்தின் தலையில் ‘மூக்கு’ என்று எழுதியிருந்தாள்.

“இது என்னம்மா?”

“வாடை இருக்கா இல்லையான்னு நீங்க எழுதணும் மாமா. அமோனியா அளக்கிற மீட்டர் வேற கிளைக்குப் போயிருக்காம், கடைசி நாள்தான் வருமாம். அதுவரைக்கும் எதோட ஒப்பிடுறது? இருபத்தெட்டு வருஷ மூக்கு. இதைவிட நல்ல மீட்டர் எங்க கிடைக்கும்?”

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் மூக்கு செத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

ஒரே நாளில் சாகவில்லை. முதலில் லேசான வாடை போனது, அப்புறம் கடும் வாடையும் போனது. அமோனியா மூக்கை அரித்துவிட்டது என்று நினைக்கிறேன். டாக்டரிடம் போகவில்லை, போனால் காகிதம் வரும், காகிதம் இன்ஜினியரிடம் போகும். வாடை தெரியாதவனை மெஷின் ரூமில் விட மாட்டார்கள். அது சரியான சட்டம்தான். எனக்கும் தெரியும். ஆனால் அந்த அறையில் எனக்குத் தெரியாத சத்தம் கிடையாது. கம்ப்ரெஸர் இருமினால் எந்தப் பக்கம் இருமுகிறது என்று சொல்லுவேன். வேறு எங்கே போய் என்ன செய்வேன்? அதனால் சமாளித்தேன். காதை வைத்துக் கேட்பேன். கந்தகக் குச்சியை மற்றவர்களைவிட அதிகம் கொளுத்துவேன். பக்கத்தில் இருக்கிறவன் கண்ணைக் கசக்குகிறானா என்று பார்ப்பேன். என்னோடு ஷிப்டில் இருக்கிறவரைப் பாட்டுக்காரர் என்று கூப்பிடுவோம், மெஷின் சத்தத்துக்கு மேலே பாடுவார். அவர் பாட்டு நடுவில் நின்றால் வாடை வந்துவிட்டது என்று அர்த்தம்.

மருமகளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அவளோ நோட்டின் அட்டையில் என் வேலைப் பெயரை எழுதி, ‘சோதனைப் பொறுப்பாளர்’ என்று கீழே எழுதிக்கொண்டிருந்தாள். நாற்பத்து மூன்று வயதுவரை சம்பளத் தாளில் கட்டைவிரலை அழுத்தினவன், அப்புறம்தான் எழுத்துக் கற்றவன் நான். என் கையால் எழுதின நோட்டு தலைமை அலுவலகம் போகிறது என்றதும் வாய் மூடிக்கொண்டது.

தினமும் எழுதினேன். சிவப்பு, வாடை இல்லை. சிவப்பு, வாடை இல்லை. எட்டு நாள் நன்றாகப் போனது.

ஒன்பதாம் நாள் எண்ணெய் வடித்துவிட்டு வந்து பார்த்தால் மூன்றாம் நம்பர் பட்டையின் ஓரம் வெளிறியிருந்தது. முழு மஞ்சள் இல்லை, வெயிலில் கிடந்த துணி மாதிரி. அன்று பாட்டுக்காரர் லீவு. கந்தகக் குச்சியைக் கொளுத்திக் காட்டினேன், புகை வரவில்லை. அதற்குள் நான் வால்வை இறுக்கி மூடிவிட்டிருந்தேன். மூக்குக் கட்டத்தில் என்ன எழுதுவது? எனக்குத் தெரியாது என்று எழுதினால் ஏன் தெரியாது என்று கேட்பார்கள். கை பழக்கத்தில் போனது. வாடை இல்லை.

அன்று சாயங்காலம் அவள் நோட்டைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். “வாடையே இல்லாம வெளிறியிருக்கே மாமா.”

“வெளிச்சம் பட்டிருக்கும்மா.”

“இருக்கும்” என்றாள். பட்டையை மாற்றினாள். அவள் இரவு சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டுக்காரி என்னிடம், “என்ன சொன்னீங்க புள்ளைய?” என்று சண்டைக்கு வந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது உண்மைதான், அதுதான் தப்பும்.

பதினான்காம் நாள் பஸ்ஸில் போகும்போது மருமகள் சொன்னாள்: “நாளைக்கு நல்ல சட்டை போட்டுட்டு வாங்க மாமா. தலைமை அலுவலகத்து மேடம் வந்ததும் முதல்ல உங்களைத்தான் காட்டுவேன். போட்டோ எடுப்பாங்க.”

“என்னை எதுக்கு? மெஷினைக் காட்டு.”

“மெஷின் என்கூட பஸ்ல வருதா?”

அன்று கம்பெனிக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். இரும்பு அலமாரி துருப்பிடித்த மாதிரி இருந்தேன். தலை முழுக்க நரை, அதுவும் அங்கங்கே மஞ்சளாக. படித்த பெண் பக்கத்தில் இந்த மூஞ்சியோடு நிற்பதா என்று தோன்றியது. வரும் வழியில் கடையில் தலைக்குப் போடுகிற டை ஒரு பெட்டி வாங்கினேன். வீட்டில் போட முடியாது. என் வீட்டுக்காரி பார்த்தால் ஒரு வருஷத்துக்கு அதையே சொல்லிச் சிரிப்பாள்.

ஆகவே மறுநாள் ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போனேன். உடை மாற்றும் அறையில் யாரும் இல்லை. கதவைச் சாத்தினேன், மின்விசிறி போட்டால் துண்டு பறக்கும் என்று அதையும் போடவில்லை. பெட்டியில் இருந்த இரண்டு ட்யூபையும் பிதுக்கிக் கிண்ணத்தில் கலக்கி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தலையில் பூசினேன். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண் கொஞ்சம் கரித்தது, வயசுக் கண் என்று நினைத்தேன். அப்புறம் குழாயடியில் அலசி, துடைத்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மெஷின் ரூமுக்குப் போய்விட்டேன். அன்றைய முதல் சுற்று மேடம் வந்த பிறகுதான் என்பதால் அங்கே தொங்கின பட்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெஷின் ரூமில் ஹெல்மெட் கழற்றக் கூடாது. போட்டோ நேரத்தில் கழற்றினால் எல்லாரும் அசந்துபோவார்கள் என்று எனக்குள் ஒரு கணக்கு.

ஒன்பது மணிக்கு மேடம் வந்தார். மூக்குக்கண்ணாடி, தாழ்ந்த குரல், யாரையும் அவசரப்படுத்தாத ஆள். கையில் மீட்டர். கூட இன்ஜினியர், மருமகள், பின்னால் பாட்டுக்காரர். ஒன்றாம் நம்பரிலிருந்து ஐந்தாம் நம்பர்வரை பட்டை சிவப்பு, மீட்டரில் பூஜ்யம். மருமகள் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தாள். கடைசியாக உடை மாற்றும் அறைக்கு வந்தோம்.

ஆறாம் நம்பர் பட்டை எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சளாகத் தொங்கியது.

மேடம் மீட்டரைத் தூக்கிப் பிடித்தார். பூஜ்யம். அறையின் நான்கு மூலைக்கும் நடந்து பார்த்தார். பூஜ்யம்.

“இங்க குழாய் போகுதா?”

“இல்லை மேடம்” என்றார் இன்ஜினியர். அவருக்கே சங்கடமாக இருந்தது.

மேடம் பெஞ்சில் உட்கார்ந்து என் நோட்டைப் புரட்டி, இரண்டு இடத்தில் ஏதோ எழுதினார். “ஒன்பதாம் நாள் மூணாம் நம்பர் வெளிறியிருக்கு. வாடை இல்லைன்னு அனுபவசாலி எழுதியிருக்கார். இன்னைக்கு ஆறாம் நம்பர். மீட்டர் பூஜ்யம். பதினஞ்சு நாள்ல ரெண்டு பொய்க் கூப்பாடு. திருடன் வராத நாள்லயும் குலைக்கிற நாயைக் கட்டிவச்சா, வர்ற நாள்ல யாரும் எழுந்திருக்க மாட்டாங்கம்மா.”

மருமகள் பட்டையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். “தரை கழுவ ஏதாவது மருந்து போட்டாங்களா?” என்று கேட்டாள். பாட்டுக்காரர், வெறும் சோப்புத் தண்ணிதான் என்றார். அவள் தலையை ஆட்டினாள். “இங்க குழாயடி இருக்கு. ஈரத்துல அமிலம் வெளிய போயிருக்கலாம்.” குரல் இறங்கிக்கொண்டே போனது.

“இல்லேன்னா உங்க மாமனார் வாடையைக் கவனிக்காம விட்டிருக்கணும்” என்றார் மேடம். திட்டுகிற மாதிரி இல்லை, எல்லா வழியையும் பார்க்கிற மாதிரி.

“அப்படி இருக்காது மேடம்.” அவள் சட்டென்று நிமிர்ந்தாள். “மாமா வாடை இல்லைன்னு எழுதினா இல்லைதான். தப்பு என் பொடியிலதான்.”

இரண்டு வருஷமாக அவள் கண்ணில் வைத்து வளர்த்த பொடி. என் மூக்குக்காக அதைக் கைவிட்டுவிட்டாள்.

மருந்து என்று அவள் கேட்ட சொல் என் காதிலேயே நின்றது. என் லாக்கரைத் திறந்தேன். துண்டுக்கு அடியில் டை பெட்டி இருந்தது. வெளிச்சத்தில் பிடித்து, காலையில் படிக்காமல் விட்ட பொடி எழுத்துகளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நான்காவது வரியில் இருந்தது. ‘அமோனியா அடங்கியது. காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தவும்.’

பேசாமல் பெட்டியை உள்ளேயே வைத்துப் பூட்டியிருக்கலாம். இதைச் சொன்னால் அடுத்து என்ன கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு என்பதும் தெரியும்.

“மேடம்” என்றேன். “பொடி பொய் சொல்லல. நான்தான்.”

ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

முதலில் பாட்டுக்காரர் சிரித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிற்பாடு கண்ணாடியில் பார்த்தபோது அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. தலை தார் ஊற்றின ரோடு மாதிரி இருந்தது, நெற்றியில் இரண்டு விரல் அகலத்துக்கு ரோட்டோரம் வேறு.

“காலையில இங்க உக்காந்து டை அடிச்சேன். கதவைச் சாத்திட்டு, அரை மணி நேரம்.” பெட்டியை மருமகளிடம் நீட்டினேன். அவள் அந்த வரியைப் படித்தாள். அப்படியே இன்ஜினியரிடம் கொடுத்தாள்.

“ஆமா சார்” என்றார் பாட்டுக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நான் வந்து கதவைத் திறந்தப்ப லேசா மூக்கைக் குத்துச்சு. ஃபேனைப் போட்டேன், ஜன்னலைத் திறந்தேன். அமோனியா கம்பெனியில அமோனியா வாடை வந்தா யாரு சார் கணக்குல எடுப்பா? குழம்பு வைக்கிற வீட்ல குழம்பு வாசனைன்னு விட்டுட்டேன்.”

இன்ஜினியர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “லேசா இருந்தப்பவே இவருக்குத் தெரிஞ்சிருக்கு. அரை மணி நேரம் தலையிலயே வச்சிருந்தீங்களே, உங்களுக்குத் தெரியலையா?”

“தெரியல சார்.”

“சளி பிடிச்சிருந்ததா?”

அவர் எனக்கு ஒரு வாசல் திறந்துவிட்டார். நல்ல மனுஷன். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

“இல்ல சார். நாலு வருஷமா எனக்கு எந்த வாடையும் தெரியாது. அந்த நோட்டுல மூக்குன்னு இருக்கிற கட்டம் பூராவும் பொய். ஒன்பதாம் நாள் எண்ணெய் வடிக்கிறப்ப மூணாம் நம்பர்ல கசிஞ்சிருக்கும். குச்சியைக் கொளுத்துறதுக்குள்ள வால்வை மூடிட்டேன். வேணும்னா இப்ப திறந்து பாருங்க.”

மருமகள் பக்கம் நான் திரும்பவில்லை. தைரியம் அவ்வளவுக்குத்தான் இருந்தது.

எல்லாரும் மூன்றாம் நம்பருக்கு நடந்தோம். பாட்டுக்காரர் குச்சியைக் கொளுத்திக் கையில் வைத்துக்கொண்டார். இன்ஜினியர் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவரே வால்வைத் திருப்பினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. வால்வின் கழுத்தைச் சுற்றி அடைத்திருக்கும் கயிறு தேய்ந்துபோயிருந்திருக்க வேண்டும். குச்சி முனையில் வெள்ளைப் புகை நூல் மாதிரி கிளம்பித் தடித்தது. மீட்டர் கத்தியது. பாட்டுக்காரர் முகத்தைத் திருப்பி இருமினார். எனக்கு ஒன்றுமே இல்லை, காலைக் காற்று மாதிரி இருந்தது. நான் பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்திலிருந்து சிவப்பு கரைந்தது. பார்க்கப் பார்க்க மஞ்சள் நடுவுக்கு ஏறி வந்தது. அந்தக் கண்ணுக்குத் தெரியாத அறைகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் விளக்குப் போட்ட மாதிரி.

இன்ஜினியர் வால்வை மூடினார். அன்றே கயிறு மாற்ற ஆள் சொன்னார். மேடம் நோட்டைத் திறந்து ‘பொய்க் கூப்பாடு’ என்று தான் எழுதியிருந்த இரண்டு இடத்தையும் அடித்தார்.

“இந்தப் பதினஞ்சு நாள் செல்லாதும்மா” என்றார் மருமகளிடம். “நோட்டே செல்லாது. ஆனா பட்டை செல்லும்போல இருக்கு. மூணு மாசம் எடுத்துக்கோ. இங்கயும் இன்னும் ரெண்டு கிளையிலயும் கட்டு. மீட்டரை இங்கயே விட்டுட்டுப் போறேன்.” பிறகு என் தலையைப் பார்த்தார். “டை நல்லாப் பிடிச்சிருக்கு” என்றார். முகம் மாறவே இல்லை. போட்டோ எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

இன்ஜினியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான்கு வருஷம் ஏமாற்றினதற்குச் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். “நாளையிலிருந்து மெஷின் ரூம் பக்கம் வரவேண்டாம்” என்று மட்டும் சொன்னார். “ஐஸ் ஏத்துற கூடத்துல நில்லுங்க. நீங்க உள்ள விழுந்து கிடந்தா உங்க வீட்டுக்கு நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்?” சரி என்றேன். என் ஸ்பானரைப் பாட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, அன்று முழுக்கப் பாடவே இல்லை.

பஸ்ஸில் மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஆறு நிறுத்தம் போனது. கோபமாக இருந்தால் அவள் பேச மாட்டாள், என் மகனும் அதே ரகம். இரண்டு பேரும் சண்டை போட்டால் வீடு கோயில் மாதிரி அமைதியாக இருக்கும்.

“நோட்டு வீணாப்போச்சும்மா. தப்புதான்” என்றேன்.

“நோட்டா?” திரும்பினாள். கண் சிவந்திருந்தது. “யாருக்கு வேணும் நோட்டு? நாலு வருஷம் மாமா. வாடை தெரியாம அந்த ரூமுக்குள்ள நாலு வருஷம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பெரிசா கசிஞ்சிருந்தா? நான் ஊருக்கெல்லாம் பட்டை பண்றேன், என் வீட்டு ஆளுக்கு வேணும்னு எனக்குத் தெரியாது.”

“சொன்னா வேலை போயிடும்னு…”

“இப்ப போகலையா?”

இன்னும் இரண்டு நிறுத்தம் போனது. அவள் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து என் நெற்றியில் இருந்த கறையைத் தேய்த்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

“வலிக்குதும்மா.”

“வலிக்கட்டும்.” தேய்ப்பதை நிறுத்தவில்லை. “யாருக்காக இந்த அலங்காரம்?”

“உன் பக்கத்துல நிக்கணும்ல. கொஞ்சம் பளிச்சுனு இருந்தா உனக்கு மரியாதை.”

அவள் கை நின்றது. என் நரையில்லாத தலையைப் பார்த்து மூக்கை உறிஞ்சினாள். “அடுத்த மூணு மாசம் மூக்குக் கட்டம் பாட்டுக்காரருக்கு” என்றாள்.

“அவனா? அவனுக்கு ‘வாடை’ன்னு எழுதவே அரை நாள் ஆகும்.”

“நிறத்தை நீங்க எழுதுங்க. ஐஸ் ஏத்துற கூடத்துலயும் ஒரு பட்டை கட்டுறேன். கண்ணு நல்லாத்தானே இருக்கு? அதையாவது உண்மையாச் சொல்லுங்க.”

“கண்ணு நல்லா இருக்கு.”

“நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். மூக்குக்கும் சேர்த்து, கண்ணுக்கும் சேர்த்து. நீங்க சொல்றதை இனி நான் நம்புறதா இல்லை.”

வீட்டுக் கதவைத் திறந்த என் வீட்டுக்காரி என் தலையைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் அடையாளம் தெரியாத மாதிரி நின்றாள். “யாரு வேணும் உங்களுக்கு? என் புருஷன் இன்னும் வேலையிலிருந்து வரல” என்றாள்.

மருமகள் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். டை, பட்டை, வால்வு, வேலை மாற்றம், கடைசியில் மூக்கு. வேலை மாறின கதைக்கு என் வீட்டுக்காரி கலங்கவில்லை. மூக்கு வந்த இடத்தில்தான் என் பக்கம் திரும்பினாள்.

“நாலு வருஷமாவா?”

“ஆமா.”

“அப்ப தினமும் உள்ள வரும்போதே ‘வாசனை தெருமுனை வரைக்கும் இழுக்குது’ன்னு சொல்லுவீங்களே?”

நான் தரையைப் பார்த்தேன். மருமகள் மெல்ல எழுந்து, துணி எடுக்கப் போகிறவள் மாதிரி உள்ளே போனாள்.

“தெருமுனையில நின்னு நினைச்சுப் பாத்துக்குவேன்” என்றேன். “இந்நேரம் என்ன அடுப்புல இருக்கும்னு.”

அவள் எழுந்தாள். அடுப்படிக்குப் போனாள். பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே கோபம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அன்று சத்தமே வரவில்லை. அது அதைவிடப் பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

“இங்க வந்து உக்காருங்க.”

போய் அடுப்படி வாசலில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள்.

“எண்ணெய் காஞ்சிடுச்சு. வெங்காயம் போட்டிருக்கேன். இன்னும் பச்சை வாடைதான்.” கரண்டியால் கிளறினாள். “இப்ப கொஞ்சம் இனிப்பா மாறுது. சர்க்கரை சூடாகிற மாதிரி, ஆனா அது இல்ல. ஓரம் சிவக்க ஆரம்பிச்சா ஒண்ணு வரும் பாருங்க, அது எப்படிச் சொல்றது… பசி இல்லாதவனுக்கும் பசி எடுக்கும். மழை பெஞ்சு ஈரச் சட்டையோட வந்த அன்னைக்கு வீட்டுக்குள்ள ஒரு வாசனை இருக்கும்ல, அதுல பாதி இதுதான்.” அவள் கரண்டியை நிறுத்திவிட்டு யோசித்தாள். இன்னும் சரியான சொல்லுக்குத் தேடினாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் சமையலைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

“அத்தை” என்று மருமகள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். “கருகுது.”